இரண்டு சூரியன் உள்ள ஊர்

“…அல்லாம் சரி கண்ணு, வண்டி வந்துச்சு, அவ ஏறிக்கினா. அப்போ இந்தப் படத்துல குல்லா மட்டும் மண்ணுல கெடக்குதே, அது யாருது?” என்று அம்மா கேட்டாள்.

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது கடைசியில் வரட்டும். அதற்கு முன் உங்களிடம் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மணவாள நகர் மாடி அறையில் நாம் கூடியபோது, இந்த ராக்கெட் கதை, மாயக் கதைப் பைத்தியம் நமக்கெல்லாம் எப்படி வந்தது என்று பேச்சு வந்தது அல்லவா? நரைத்த தலைகள் எல்லாம் சின்னப் பிள்ளைகளாகி, ஆளுக்கொன்று சொன்னீர்கள். ஒருவருக்கு மாமா வாங்கித் தந்த படக்கதை, ஒருவருக்குப் பள்ளிக்கூடத்து அலமாரி. என் முறை வந்தபோது கடம்பத்தூர் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். வண்டிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாயால் சொன்னால் பாதியில் நின்றுபோவேன். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அந்தப் பைத்தியம் குப்பையிலிருந்து வந்தது.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். அதுவரை அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள் எங்கள் வீட்டில். நைனா இரும்புக் கம்பி மில்லில் லோடு ஏற்றப் போனார். அம்மா, பழைய காகிதத்தைக் கூழாக்கி அட்டை செய்கிற மில்லுக்குப் போனாள். அங்கே பிரிக்கிற ஷெட்டில் அம்மாவோடு சேர்த்து எட்டுப் பெண்கள். லாரியில் வருகிற குப்பைக் காகிதத்தை ஆளுக்கொரு குவியலாகக் கொட்டிவிடுவார்கள். வெள்ளை ஒரு பக்கம், வண்ணத்தாள் ஒரு பக்கம், செய்தித்தாள் ஒரு பக்கம் என்று பிரித்துப் போட வேண்டும். கம்பிப் பின் இருந்தால் பிடுங்க வேண்டும், தைத்த நூல் இருந்தால் அறுக்க வேண்டும். அம்மா கண்ணை மூடிக்கொண்டே ஒரு தாளை விரலால் தடவி, அது எந்த வகை என்று சொல்லிவிடுவாள். மதியம் இரண்டு மணிக்கு முதல் ஷிப்ட் முடிந்து அவள் வீட்டுக்குள் நுழைந்தால், நனைந்த அட்டை வாடையும் பழைய புத்தகப் பூச்சி வாடையும் கூடவே நுழையும். இன்றைக்கும் பழைய புத்தகக் கடையில் அந்த வாடை வந்தால் நான் திரும்பி வாசலைப் பார்ப்பேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷத்து மழைக்காலம். பட்டணத்தில் ஏதோ ஒரு வாடகைப் புத்தக நிலையத்தை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது. அங்கிருந்த புத்தகம் மொத்தமும் மில்லுக்கு வந்தது. வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து அட்டை போட்டு வைப்போமே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அப்படிப்பட்ட புத்தகங்கள். லாரியிலிருந்து இறக்கும்போதே அட்டையைப் பிய்த்துவிடுவதால், ஷெட்டுக்கு வரும்போது பக்கம் பக்கமாகச் சிதறித்தான் வரும்.

அப்படிச் சிதறியதில் ஒரு பக்கம் அம்மாவின் குவியலில் விழுந்தது. அதை ஏன் எடுத்து வந்தாய் என்று கேட்டேன்.

“ஒரு பொம்பள தனியா நின்னுக்கினு கீறா. பொடவையும் இல்ல, பாவாடையும் இல்ல. தலையில மீன் தொட்டியக் கவுத்து வெச்ச மாதிரி ஒரு குல்லா. வானத்துல பாத்தா ரெண்டு சூரியன். இன்னாடா இதுன்னு மனசு கேக்கல. படி.”

அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் வரி மறந்துவிடும். அதனால் நான் படித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், வாசற்படியில் சாயங்கால வெயிலில், அவள் மீன் ஆய்ந்துகொண்டோ எனக்குத் தலை வாரிக்கொண்டோ இருக்க, நான் படிப்பேன். முதலில் ஒரு தடவை மனசுக்குள் படித்துக் கடினமான சொல்லை எல்லாம் பழகிக்கொண்டு, பிறகுதான் வாய்விட்டுப் படிப்பேன். அந்தப் பழக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பல நாள் பக்கங்களைச் சேர்த்துப் பார்த்தால் கதை இதுதான். இரண்டு சூரியன் இருக்கிற ஓர் உலகத்துக்கு ஒரு விண்கலம் போகிறது. திரும்பும்போது கதவு இறுகிவிடுகிறது. யாராவது ஒருவர் வெளியே நின்று ஒரு பிடியை இழுத்தால்தான் கலம் கிளம்பும். மெக்கானிக் வேலை பார்க்கிற பெண் இறங்கி நின்று இழுக்கிறாள். “உன்னை அழைத்துப்போகத் திரும்பி வருவோம்” என்று சொல்லிவிட்டுக் கலம் போய்விடுகிறது. அவள் அங்கேயே இருக்கிறாள். அங்கே இருட்டே கிடையாது. கண்ணாடி மாதிரி உடம்புள்ள மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேச்சு இல்லை. உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்தால் விஷயம் புரியும்.

அம்மா விண்கலம் என்று சொல்ல மாட்டாள். வண்டி என்பாள்.

முதலில் வந்த பக்கத்தைப் படித்த மறுநாளே, மதியச் சாப்பாட்டில் அம்மா அதை ஷெட்டில் சொன்னாள். எட்டுப் பேரும் மாட்டிக்கொண்டார்கள். அதன்பின் யார் குவியலில் குல்லா போட்ட பெண் வந்தாலும் அந்தத் தாளைச் சாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து அம்மாவிடம் கொடுப்பது வழக்கமாயிற்று. படித்ததும், படம் இருக்கிற பக்கத்தை மறுநாள் எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் சண்டை.

பக்கங்கள் வரிசையில் வரவில்லை. அதில் வந்ததுதான் வேடிக்கை.

“ஏம்மா, முந்தாநேத்து அந்தக் கண்ணாடி ஆளுங்க இவளுக்கு தோஸ்து ஆயிட்டாங்கோ. இன்னிக்கு இன்னாடான்னா அவங்கள மொத மொதல்ல பாத்து பயந்துக்கினு ஓடறா. கத சொல்றியா, காது குத்தறியா?” என்று ஒருத்தி கேட்டாளாம்.

அம்மாவுக்குப் பக்கத்துக் குவியல்காரி பதில் சொன்னாளாம். “அங்க ரெண்டு சூரியன்டி. ஒண்ணு முன்னால போவும், ஒண்ணு பின்னால போவும். நாளும் அப்டித்தான் போவும். உனுக்கு ஒரு சூரியனே ஒயுங்கா தெரியாது, வந்துட்டா கேக்க.”

அதற்குப் பிறகு நான் எத்தனையோ கதை படித்துவிட்டேன். காலம் முன்னும் பின்னும் ஓடுவதற்கு இதைவிட நல்ல காரணத்தை எந்த எழுத்தாளரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்துக் குவியல்காரியை நாங்கள் ஏரிக்கரை அக்கா என்போம். பழவேற்காடு ஏரிப்பக்கத்துக் குப்பத்திலிருந்து வருகிறவள். அவள் புருஷன் ஒரு காலையில் படகில் போனவன். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அவள் தாலியைக் கழற்றவில்லை. கதை கேட்க உட்கார்ந்தால் அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். “வண்டி வந்துச்சா?” மற்ற ஏழு பேரும் எதையெதையோ கிண்டல் செய்வார்கள். அந்தக் கேள்வியை மட்டும் யாரும் கிண்டல் செய்ததில்லை.

மில் கேட்டில் காவலுக்கு ஓர் அம்மா இருந்தாள். வேலை முடிந்து போகிற பெண்களைத் தடவிப் பார்த்து அனுப்புவது அவள் வேலை. ஒரு துண்டுத் தாள் எடுத்துப் போனாலும் திருட்டுதான், சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அம்மா தாளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு எப்படியோ பத்து நாள் தப்பித்தாள். பதினோராவது நாள் கை பட்டுவிட்டது.

“இன்னாமே, இடுப்புல மொறமொறன்னு கீது?”

“அப்பளம்.”

“அப்பளமா? எடு, நாஷ்டாவுக்கு ஆவும்.”

எடுத்தாள். கேட்டம்மா படத்தைப் பார்த்தாள். “யாருமே இவ, குண்டானத் தலையில மாட்டிக்கினு?” என்று கேட்டாள். அம்மா பயத்தில் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பஸ் போகிறது என்று கத்தினார்கள். கேட்டம்மா தாளை மடித்து அம்மா இடுப்பிலேயே திரும்பச் சொருகினாள். “நாளைக்கு மிச்சத்தச் சொல்லாம உள்ள உட மாட்டேன்” என்றாள்.

படித்து முடித்த பக்கங்கள் தகரப் பெட்டியில் சேர்ந்தன. எங்கள் வீட்டில் இருந்த ஒரே பெட்டி. மூடியின் உட்புறம் துரு ஏறியிருந்ததால், துணியில் கறை படக் கூடாதென்று அம்மா சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவிப் பழைய தாள்களை ஒட்டியிருந்தாள். அவள் ஒட்டினால் ஒரு சுருக்கம் இருக்காது.

ஐப்பசியில் அம்மாவுக்கு இருமல் வந்தது. தூசி என்றார்கள். மிளகு, வெல்லம் என்று ஒரு மாதம் போயிற்று. கார்த்திகையில் நைனா அவளைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலில் கூட்டிப்போய் வந்தார். கையில் பெரிய பழுப்பு உறை. “சளிதான். மாத்திர குட்த்துக்கிறாங்கோ” என்று சொல்லிப் பரண் மேல் வைத்துவிட்டார்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். சிரித்துவிடாதீர்கள், அல்லது சிரித்துக்கொள்ளுங்கள், நம் மாதிரி ஆட்கள்தான் இப்படிச் செய்ய முடியும்.

ஒரு லீவு நாளில், பக்கங்களைத் தைக்க ஊசி தேடிப் பரணில் ஏறினேன். உறையைப் பிரித்தேன். உள்ளே கறுப்பாக, வழவழவென்று, பெரிய பிலிம். வெயிலில் தூக்கிப் பிடித்தேன். கறுப்பு வானம். வரிசையாக வளைந்து வளைந்து மணல்மேடுகள். பனி மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. அதற்குள் வெள்ளையாக, உருண்டையாக, இரண்டு சூரியன்.

அந்த ஊரை யாரோ போட்டோ பிடித்திருக்கிறார்கள். பட்டணத்தில் கிடைத்திருக்கிறது. நைனா எனக்குத் தரத்தான் மறைத்து வைத்திருக்கிறார். வேறு எப்படி நினைக்க முடியும்?

தெருவுக்கு எடுத்துப்போனேன். பிள்ளைகள் எல்லாம் சூழ்ந்துகொண்டார்கள். “கண்ணாடி ஆளுங்க எங்கடி?” என்று கேட்டார்கள். “ரொம்பத் தூரத்துலேந்து எட்த்தது. ஆளு தெரிய மாட்டாங்கோ” என்றேன். வரிசையில் நிற்கச் சொல்லி ஒவ்வொருவருக்கும் காட்டினேன்.

அப்போதுதான் நைனா வேலையிலிருந்து வந்தார். பிலிமைப் பிடுங்கினார். அடிப்பார் என்று குனிந்தேன். அடிக்கவில்லை. உள்ளே போய் தரையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா இன்னும் ஷிப்ட் முடிந்து வரவில்லை.

“இது உங்கம்மா நெஞ்சுடி” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அந்த இரண்டு உருண்டையைக் காட்டினார். “இதுதான் நோவு. பொங்கலத் தாண்டறது கஷ்டம்னு சொல்லிட்டாங்கோ. அம்மாகிட்ட மூச்சு உடாத. தெரிஞ்சா இன்னிக்கே பூடுவா.”

பிலிமைத் தடவிக்கொண்டே, “நீ இன்னான்னு நெனச்ச?” என்று கேட்டார்.

சொன்னேன்.

நைனா எழுந்து வாசல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “ஆமா. சூரியன் மாறிதான் கீது” என்றார்.

அதன்பின் எங்கள் வீட்டில் எல்லோரும் நடிகர்கள். நைனாவின் அக்கா, என் அத்தை, வந்து தங்கினாள். அம்மாவுக்குத் தினமும் முட்டை. கேட்டால், “சளிக்கு நல்லது.” வேலைக்குப் போகாதே என்று சொன்னார்கள். ஏன் என்று கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டும். இருந்த காரணத்தைச் சொல்ல முடியாது. “சளிக்கெல்லாம் யாராவது லீவு போடுவாங்களா? கத வேற முடியற மாறி கீது” என்று அம்மா கிளம்பிவிடுவாள். அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தத் தூசியிலிருந்து ஒரு மாதம் முன்பே எழுந்து வந்திருப்பாள். இன்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. அன்று பெரியவர்களுக்குத் தெரியவில்லை. அன்பில்லாதவர்கள் என்று அவர்களை நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

அத்தைக்கு அந்தப் பக்கங்கள் மேல்தான் கோபம். “காயிதத் தூசிதான் இவ நெஞ்ச அரிச்சிது. இதுல ஊட்டுக்கு வேற தூக்கிக்கினு வரா. கதையாம் கத. புத்தி பேஜாராயிடுச்சு இவளுக்கு” என்று என்னிடம் முணுமுணுப்பாள். அம்மா காதில் விழாதபடிதான்.

மார்கழியில் கடைசிப் பக்கம் கிடைத்தது. கிடைத்தது ஏரிக்கரை அக்காவின் குவியலில். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வாரப் பக்கத்தின் அடியிலும் ‘தொடரும்’ என்று தடித்த எழுத்தில் இருக்குமே, அந்த உருவம் எட்டுப் பேருக்கும் பழகியிருந்தது. இதில் வேறு உருவம் இருந்தது. “முடிஞ்சிடுச்சு போல. வண்டி வந்துச்சான்னு பாத்து வா” என்று அம்மாவின் கையில் கொடுத்தாளாம்.

நான் வழக்கம்போல் முதலில் மனசுக்குள் படித்தேன்.

விண்கலம் வந்தது. பதினோரு வருஷம் கழித்து வந்தது. கதவு திறந்தது. கண்ணாடி மனிதர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். வந்தவர்களிடம் உள்ளங்கையை நீட்டினார்கள். மணலில் அவளுடைய தலைக்கவசம் மட்டும் கிடந்தது. முற்றும்.

“படி கண்ணு” என்றாள் அம்மா.

படித்தேன். விண்கலம் வந்தது என்று படித்தேன். கதவு திறந்தது என்று படித்தேன். அதற்கு மேல் தாளில் இல்லாததைப் படித்தேன். அவள் ஓடி வந்தாள், ஏணியைப் பிடித்து ஏறினாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். ஜன்னல் ஓரத்தில் இடம் கொடுத்தார்கள். ஊரில் அவளுக்காக இட்லி வேகிறது என்று சொன்னார்கள். இரண்டு சூரியனும் சின்னதாகி, சின்னதாகி, புள்ளியாகப் போயின. அந்தப் பக்கத்தில் இருந்தது பத்து வரி. நான் படித்தது நாற்பது வரி இருக்கும்.

அம்மா பொங்கலைத் தாண்டினாள். மாட்டுப் பொங்கலையும் தாண்டினாள். அந்த மாதத்தைத் தாண்டவில்லை.

ஷெட்டிலிருந்து ஏழு பேரும் வந்தார்கள். கேட்டம்மாவும் வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, “கதையப் பாதியில உட்டுட்டுப் போவல உங்கம்மா. முடிச்சிட்டுத்தான் போனா. வண்டி வந்துச்சாமே” என்று அழுதாள். ஏரிக்கரை அக்கா அழவில்லை. என் கையைப் பிடித்து அவள் உள்ளங்கையோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். “சன்னல் ஓரம் எடம் குட்த்தாங்களாமே” என்றாள். ஜன்னல் நான் போட்டது. ஒன்று விடாமல் அம்மா அங்கே சொல்லியிருக்கிறாள்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அத்தை பக்கங்களை எல்லாம் பழைய பேப்பர்காரரின் வண்டியில் போட்டுவிட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எங்கள் பக்கத்துப் பழைய காகிதம் அந்த மில்லுக்குத்தான் போகும். யார் குவியலில் போய் விழுந்ததோ, யார் ஒதுக்கிவைத்தார்களோ, தெரியாது. அதற்குப் பின் எந்தப் பழைய புத்தகக் கடையிலும் அந்தக் கதை எனக்கு அகப்படவில்லை. தலைப்பு இருந்த பக்கம் எங்கள் கைக்கு வரவே இல்லை; தலைப்பே தெரியாத கதையை எப்படிக் கேட்பது? உங்களில் யாராவது படித்திருந்தால் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

தகரப் பெட்டி மட்டும் என்னோடு வந்தது. கல்யாணமாகிக் கடம்பத்தூர் வந்தபோதும் வந்தது. ஒரு மழையில் அடி உதிர்ந்து, பழைய இரும்புக்குப் போனது. போடுவதற்கு முன் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒட்டின தாள் எல்லாம் காபி நிறமாகியிருந்தது. ஓர் ஓரம் லேசாகக் கிளம்பியிருந்தது. விரலால் அமுக்கிவிட்டேன். உரிக்கவில்லை.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். நாலரை மணி இருக்கும். வாசற்படியில் வெயில். தாள் என் மடியில். நாற்பது வரி பொய்யைப் படித்து முடித்துப் பெருமையாக நிமிர்ந்தபோதுதான் அம்மா படத்தில் விரலை வைத்தாள். எழுத்தைப் பற்றித்தான் நான் கவலைப்பட்டேன். படம் இருப்பதை மறந்துவிட்டேன். மணலில், சாய்ந்து, வெறுமையாகக் கிடந்தது குல்லா.

“அது பழைய குல்லாம்மா. வண்டியில புதுசு குட்த்தாங்க” என்றேன்.

“அப்டி எழுதிக்கீதா?”

“எழுதிக்கீது.”

“எங்க?”

பத்து வரியில் ஏதோ ஒரு வரியைக் காட்டினேன். விரல் அந்த வரியில் நிற்காமல் நழுவியது. அம்மா வரியைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தாள். பிறகு உள்ளே, முட்டை வேகவைத்துக்கொண்டிருந்த அத்தையின் முதுகைப் பார்த்தாள். பிறகு என்னை.

“நைனா இப்டி படிக்கச் சொன்னாரா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“இல்லம்மா.” அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அது.

“சன்னல் ஓரந்தானே உக்காந்தா?”

“ஆமா.”

“இட்லி வேவுதுன்னு சொன்னாங்க.”

“ஆமாம்மா.”

“உம்” என்றாள். மறுநாள் ஏரிக்கரை அக்காவுக்குக் காட்ட வேண்டிய படம் அது. அம்மா என் மடியிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள். இருமல் வந்து நின்று, அடங்கியதும் நடந்தாள். பானையிலிருந்து நாலு பருக்கை எடுத்துக் கட்டை விரலால் நசுக்கி, படத்தின் மேலேயே தடவினாள். தகரப் பெட்டியைத் திறந்து, படம் உள்பக்கமாகப் போகும்படி மூடியில் ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று, ஒரு சுருக்கம் இல்லாமல் உள்ளங்கையால் தேய்த்துவிட்டாள்.